மண்குதிரையை நம்பியவர்

நுழையும்முன்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. அப்பழமொழியில் இருந்த சொல் குதிரை அன்று, ஆற்றின் நடுவே மணல் திரண்ட மேடாகிய குதிர் என்று விளக்குவாரும் உளர். எவ்வாறாயினும், மண்ணால் ஆன குதிரை நிலையற்றது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அத்தகைய மண்குதிரையையும், அதனை வனையும் கையையும் நம்பித் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் ஒப்படைத்த பெண்மணி ஒருவர் இருந்தார். அவர்தாம் கமலாதேவி சட்டோபாத்யாய். கைவினைக் கலைஞரின் கற்பனையைக் காக்க அவர் மேற்கொண்ட பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லும் மண்ணும்

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோவிலின் தூண்களைச் சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோவிலில், பின்னங்கால்களை ஊன்றி எழும் சிங்கத்தின் உடலே தூணின் அடிப்பகுதியாக மாறியிருக்கிறது. அதே நகரில், வரதராசப் பெருமாள் கோவிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், விசயநகரக் காலச் சிற்பிகள் முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளையும் அவற்றின்மேல் அமர்ந்த வீரர்களையும் வடித்துள்ளனர். கோவில் வீதிகளுக்கு அப்பால் தறிகள் ஒலிக்கும் தெருக்களில், அன்னமும் மயிலும் யானையும் யாளியும் பட்டின் கரையிலும் முந்தானையிலும் சரிகை இழைகளாய் எழுகின்றன. ஊர்ப்புறங்களுக்குச் சென்றால், ஐயனார் கோவில் வாயிலில் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கும் காட்சியைத் தமிழகத்தின் பல பகுதிகளில் காணலாம்.

யாளியை எவரும் கண்ணால் கண்டதில்லை. தூணாக மாறிய சிங்கம் காட்டில் இல்லை. ஊரைச் சுற்றி இரவெல்லாம் காவல் புரியும் ஐயனாரின் குதிரையும் எவருடைய கொட்டிலிலும் கட்டப்பட்டதன்று. கண்ட விலங்கைக் கண்டவாறே படைக்காமல், அதனைத் தம் நம்பிக்கைக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிப் படைப்பது நம் கைவினைஞரின் வழக்கம். கல், மரம், பட்டு, மண் ஆகிய நான்கிலும் ஒரே கற்பனையே வெவ்வேறு வடிவம் கொள்கிறது.

ஆயினும் இந்நான்கிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. கயிலாசநாதர் கோவிலின் சிங்கம் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக நிற்கிறது. அதனைச் செய்த சிற்பி மறைந்தாலும் சிங்கம் மறையவில்லை. பட்டுச் சேலையோ சில தலைமுறைகளில் நைந்துவிடும். மண்குதிரை வெயிலிலும் மழையிலும் விரிசல்கண்டு, உடைந்து, மீண்டும் மண்ணோடு மண்ணாகும். அதனிடத்தில் புதிய குதிரை நிற்க வேண்டுமாயின், அதனை வனையத் தெரிந்த ஒருவர் அவ்வூரில் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். கல்லைக் காக்க மதிலும் காவலும் போதும். மண்ணையும் நூலையும் காக்க வேண்டுமாயின், அவற்றைக் கையாளும் கையைக் காக்க வேண்டும். இவ்வுண்மையை விடுதலை பெற்ற இந்தியாவின் ஆட்சியாளர்க்கும் மக்களுக்கும் விடாது உணர்த்தியவர் கமலாதேவி.

இளமை

அந்நாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த மங்களூரில் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் கமலாதேவி பிறந்தார். தந்தை அனந்தையா தாரேசுவர் அரசுப் பணியில் உயர்பதவி வகித்தவர். தாய் கிரிஜாபாய் கல்வியறிவும் துணிவும் மிக்கவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது தந்தை காலமானார். உயில் எழுதிவைக்கப்படாமையால், அன்றைய சட்டப்படி சொத்து முழுவதும் தந்தையின் முதல் மனைவியின் மகனைச் சேர்ந்தது. நேற்றுவரை தம்முடையதாக இருந்த வீட்டின்மேல் தமக்கும் தம் தாய்க்கும் உரிமையில்லை என்பதை அச்சிறுமி உணர்ந்தார். உழைப்பவருக்கு உரிமை வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் ஓயாது பேசியதன் வேர் இங்கே இருந்தது எனலாம்.

பதினான்காம் வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று சமுதாயம் விதித்திருந்த காலம் அது. கமலாதேவியோ படிப்பைத் தொடர்ந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றபோது, கவிஞரும் நாடகக் கலைஞருமான அரீந்திரநாத் சட்டோபாத்யாயரை அறிந்தார். அவர் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பியாவார். கைம்பெண் மறுமணத்தையும் வேற்றுமொழியினரை மணப்பதையும் உறவினர் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இருவரும் மணம் செய்துகொண்டனர். நாடக மேடையில் பெண்கள் தோன்றுவது இழிவாகக் கருதப்பட்ட அந்நாளில், கமலாதேவி கணவரோடு மேடையேறி நடித்தார். பிற்காலத்தில் இருவரும் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தனர்.

விடுதலைப் போரில்

கணவருடன் இலண்டன் சென்று உயர்கல்வி பயின்றுகொண்டிருந்த கமலாதேவி, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பற்றி அறிந்து 1923ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். சேவா தளத்தில் சேர்ந்து பெண் தொண்டர்களைத் திரட்டினார். 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டார். இந்தியாவில் சட்டமன்ற இடத்திற்குப் போட்டியிட்ட முதற்பெண் என்னும் சிறப்பு அவருக்கு உண்டு. மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வெற்றியை இழந்தாலும், பெண்கள் அரசியல் களத்தில் இறங்கலாம் என்னும் நம்பிக்கையை அத்தேர்தல் விதைத்தது. மறு ஆண்டில் அனைத்திந்தியப் பெண்கள் மாநாடு உருவானபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராக அவர் விளங்கினார்.

1930ஆம் ஆண்டு உப்பு அறப்போர் தொடங்கியது. அப்போரில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்று காந்தியடிகளிடம் வாதிட்டு இசைவு பெற்றவர்களுள் கமலாதேவி முதன்மையானவர். மும்பைக் கடற்கரையில் உப்பைக் காய்ச்சிப் பொட்டலங்களாக்கி விற்றார். சிறைத்தண்டனை பெற்றார். அதன்பின்னரும் பலமுறை சிறை சென்றார்.

உப்பும் கதரும் காந்தியடிகள் கையிலெடுத்த எளிய பொருள்கள். கடல்நீரிலிருந்து கிடைக்கும் உப்பும், கையால் நூற்ற நூலும் ஒரு பேரரசை அசைக்க முடியும் என்பதை அப்போராட்டம் காட்டியது. எளிய மனிதரின் கைவேலையில் நாட்டின் தன்மானம் அடங்கியிருக்கிறது என்பதைக் கமலாதேவி அக்களத்தில்தான் கற்றார்.

பதவியை விடுத்துப் பணியை நாடியவர்

1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. விடுதலைக்கு உழைத்தோர் பலர் ஆட்சிப் பொறுப்புகளை ஏற்றனர். கமலாதேவி அவ்வழியில் செல்லவில்லை. நாட்டுப் பிரிவினையால் வீடும் நிலமும் இழந்து இலட்சக்கணக்கானோர் தில்லியை நோக்கி வந்துகொண்டிருந்தனர். அவர்களது மறுவாழ்வைத் தம் பணியாக அவர் தேர்ந்துகொண்டார். இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை நிறுவி, வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த ஏறத்தாழ 50,000 அகதிகள் பரிதாபாத்தில் குடியேறத் துணைநின்றார். அகதிகள் பிறர் தரும் உணவுக்குக் கையேந்தி நிற்கக்கூடாது, தாமே வீடு கட்டவும் தொழில் செய்யவும் வேண்டும் என்பது அவரது கொள்கை.

அகதிகளிடையே பணியாற்றியபோது அவர் ஒன்றைக் கண்டார். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்கள் தம்முடன் கொண்டுவந்த ஒரே செல்வம் அவர்களது கைத்திறனே. தையல், பூவேலை, நெசவு, மரவேலை, மண்வேலை ஆகிய திறன்களை எல்லையில் எவராலும் பறிக்க முடியவில்லை. ஆனால் அத்திறனை வாங்குவார் இல்லையெனில், ஒரே தலைமுறையில் அதுவும் அழிந்துவிடும். இவ்வுணர்வே கமலாதேவியைக் கைவினைத் துறைக்கு அழைத்துவந்தது.

1952ஆம் ஆண்டு அனைத்திந்தியக் கைவினைப்பொருள் வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பைக் கமலாதேவி ஏற்றார். பெரிய ஆலைகளையும் அணைகளையும் எழுப்பி நாட்டை முன்னேற்ற வேண்டும் என்னும் வேகம் எங்கும் நிறைந்திருந்த காலம் அது. பானை வனைவோரையும் கூடை முடைவோரையும் பழைய காலத்தின் எச்சங்களாகப் பார்த்தோர் பலர். உழவுக்கு அடுத்தபடியாக ஊர்ப்புற மக்களுக்குச் சோறு போடுவது கைத்தொழில் என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. அதனினும் கடினமான மற்றொரு பணியும் இருந்தது. குயவர் வனைவதும் கலையே, அவரும் கலைஞரே என்று கற்றோரை ஏற்கச் செய்ய வேண்டியிருந்தது.

பாங்குராவின் மண்குதிரை

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் பாஞ்ச்முரா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழும் கும்பகாரர் எனப்படும் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்குதிரை செய்துவருகின்றனர். நீண்டு நிமிர்ந்த கழுத்தும், இலை போல் விறைத்து நிற்கும் காதுகளும், உருளை போன்ற கால்களும் அக்குதிரையின் அடையாளங்கள். உயிருள்ள குதிரைக்கு அவ்வளவு நீண்ட கழுத்து இல்லை. குதிரையின் கம்பீரத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கழுத்தில் வைத்துவிட்டான் அக்குயவன்.

அதனைச் செய்யும் முறையும் வியப்பிற்குரியது. கால்கள், உடல், கழுத்து, முகம் ஆகியவை தனித்தனியே சக்கரத்தில் உள்ளீடற்றனவாக வனையப்படுகின்றன. பின்னர் அவை ஈரமண்ணால் ஒட்டப்படுகின்றன. காதும் வாலும் தனியே செய்யப்பட்டு, உடலில் விடப்பட்ட துளைகளில் செருகப்படுகின்றன. சூளையிலிருந்து புகை வெளியேற விட்டுச் சுட்டால் குதிரை செந்நிறம் பெறும். புகைபோகும் வழியை அடைத்துச் சுட்டால் கருநிறம் பெறும். சாயம் ஏதுமின்றி, நெருப்பைக் கையாளும் முறையினாலேயே நிறத்தை மாற்றும் அறிவு அக்குயவர்களுக்கு உண்டு.

இக்குதிரைகள் ஊர்த்தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தப்பட்டவை. மரத்தடியிலும் கோவில் வாயிலிலும் குவிந்துகிடந்த அவற்றை அவ்வட்டாரத்திற்கு வெளியே அறிந்தவர் சிலரே. கைவினை இயக்கம் வலுப்பெற்ற காலத்தில் அவை நாடறிந்தன. கமலாதேவி நிறுவிய கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மையில் வளர்ந்த தில்லி மத்தியக் குடிசைத்தொழில் விற்பனையகம் பாங்குரா குதிரையைத் தன் சின்னமாகக் கொண்டது. ஏழைக் குயவன் ஊர்த்தெய்வத்திற்கு வனைந்த குதிரை, இந்தியக் கைவினையின் அடையாளமாகத் தலைநகரில் நிமிர்ந்து நின்றது.

மண்ணில்லா மட்கலம்

இராசத்தான் மாநிலத்தின் செய்ப்பூர் நகரில் நீலக்கலம் என்னும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் செழித்திருந்தது. பாரசீக நாட்டிலிருந்து வந்த மரபு அது. வெண்ணிறப் பரப்பில் நீலமும் பச்சை கலந்த நீலமும் ஓட, பறவைகளும் விலங்குகளும் கொடிகளும் அக்கலங்களில் உலவும். மட்கலம் என்று அழைக்கப்பட்டாலும், பானை வனையும் களிமண்ணால் அது செய்யப்படுவதில்லை. வெண்கல் எனப்படும் படிகக்கல்லின் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவற்றைப் பிசைந்த கலவையே அதன் மூலப்பொருள். அக்கலவைக்குக் களிமண்ணைப் போன்ற நெகிழ்ச்சி இல்லாமையால், பெரும்பாலும் அச்சில் அழுத்தியே வடிவம் பெறவேண்டும். சிறிது கவனம் தவறினாலும் சூளையில் வெடித்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலை ஏறத்தாழ அழியும் நிலையை அடைந்தது. அருமையான கலவையின் நுணுக்கம் அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். கமலாதேவியும் செய்ப்பூர் அரசி காயத்ரி தேவியும் இக்கலைக்கு மறுவாழ்வளிக்க முன்வந்தனர். சாந்திநிகேதனில் பயின்ற ஓவியர் கிருபால் சிங் செகாவத் இப்பணியை ஏற்றார். பழைய கலைஞர் அறிந்திருந்த கலவையையும் ஓவியர் அறிந்திருந்த கோட்டையும் ஒன்றுசேர்த்து அவர் பலருக்குப் பயிற்சியளித்தார். இன்று செய்ப்பூருக்குச் செல்வோர் கடைதோறும் நீலக்கலங்களைக் காண்கின்றனர். அருகிய கலைகளைத் தேடிக் கண்டறிதல், அறிந்தோரைக்கொண்டு இளையோர்க்குக் கற்பித்தல், செய்த பொருளுக்குச் சந்தை அமைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டும் என்பது கமலாதேவி கையாண்ட முறை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கலை பிழைக்காது என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார்.

ஐயனாரின் புரவிகள்

சங்க இலக்கியம் குயவரை வேட்கோ என்றும் கலஞ்செய்கோ என்றும் பெருமையுடன் குறிப்பிடுகிறது. தமிழகத்தில் வேளார் என அழைக்கப்படும் குயவர்கள், ஐயனாருக்குப் புரவி செய்யும் உரிமை பெற்றவர்கள். பல ஊர்களில் அக்கோவிலின் பூசாரியும் அவர்களே. புரவியெடுப்பு விழாவிற்கு நாள் குறித்ததும் ஊரார் குயவரிடம் பிடிமண் அளிப்பர். ஊரின் மண்ணே குதிரையாக வேண்டும் என்பது அச்சடங்கின் பொருள்.

ஏரி, குளங்களில் எடுத்த களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். உமி சூளையில் எரிந்துபோகும்போது மண்ணில் நுண்ணிய துளைகள் தோன்றும். தடித்த மண்சுவர் வெடிக்காமல் வேக அவை துணைபுரியும். முதலில் நான்கு கால்களும் குழாய் வடிவில் நிறுத்தப்படும். அவை சற்றே உலர்ந்து உறுதிபெற்றபின், அவற்றின்மேல் வயிறும் முதுகும் மண்திரிகளை அடுக்கித் தட்டி உருவாக்கப்படும். அடிப்பகுதி உலருமுன் மேற்பகுதியை ஏற்றினால் கால்கள் நெளிந்துவிடும். மிகுதியாக உலர்ந்தபின் ஏற்றினால் ஒட்டாது. அந்த இடைப்பட்ட பதத்தை எந்த நூலும் சொல்லித்தர இயலாது. அது தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் செல்லும் அறிவு. சேணமும் மணியும் மாலையும் இறுதியில் மண்ணாலேயே அணிவிக்கப்படும். ஓர் ஆளுயரத்தையும் கடந்து நிற்கும் குதிரைகளை, எளிய கருவிகளை மட்டும் கொண்டு, வைக்கோலும் வறட்டியும் விறகும் எரித்துச் சுட்டெடுக்கும் திறன் உலகக் கலை ஆய்வாளரை வியக்கவைத்தது.

விழா முடிந்ததும் குதிரை கோவிலில் விடப்படும். பின் அதனை எவரும் பழுதுபார்ப்பதில்லை. அது சிதைவதும், வேறொரு விழாவில் புதியது வந்து நிற்பதும் இயல்பாகக் கருதப்பட்டன. கலைப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்கும் முறைக்கு இது நேர்மாறானது. இந்தியக் கைவினையை ஆராய்ந்து எழுதிய கமலாதேவி, அழகு என்பது அன்றாட வாழ்விலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிரிக்கப்படாமல் இருந்ததே நம் மரபின் சிறப்பு என வலியுறுத்தினார். நுண்கலை உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்னும் பாகுபாடு நம்முடையதன்று என்பது அவர் கருத்து. தில்லியில் தோன்றிய தேசியக் கைவினை அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் ஐயனாரின் மண்புரவிகள் இன்றும் நிற்கின்றன.

திகிரியும் தறியும்

குயவரின் திகிரிக்கும் நெசவாளரின் தறிக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. உலோகப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் பானைக்குப் போட்டியாயின. விசைத்தறித் துணி கைத்தறிக்குப் போட்டியாயிற்று. எந்திரம் ஒரே வடிவத்தை ஓராயிரம் முறை பிழையின்றிச் செய்யும். ஆனால் அடுத்த வடிவத்தை அது கற்பனை செய்யாது.

காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறொரு நிறத்திலும் அமைய, இரண்டின் ஊடை இழைகளும் எல்லையில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் அமர்ந்தவருக்கு உதவியாக மற்றொருவரும் அருகிருந்து நாடா தள்ள வேண்டும். உழைப்பு மிகுதி என்பதால் இம்முறையைக் கைவிடத் தூண்டும் காரணங்களும் மிகுதி. எனினும் அவ்வுழைப்பில்தான் கரையிலுள்ள அன்னமும் யாளியும் தனித்து ஒளிர்கின்றன.

சென்னையில் ருக்மிணி தேவி 1937ஆம் ஆண்டு கலாசேத்திராவில் தறிக்கூடம் அமைத்து, காஞ்சிப் பட்டின் பழைய அகன்ற கரைகளையும் அடர்ந்த வண்ணங்களையும் மீட்டெடுத்தார். பின்னாளில் அங்குக் கலம்காரித் துணி ஓவியப் பிரிவு தோன்றக் கமலாதேவி துணைநின்றார். ஆந்திரத்தின் திருக்காளத்தியில் அக்கலை மறையும் நிலையில் இருந்தபோது பயிற்சி மையம் அமைய வழிவகுத்தவரும் அவரே. கைத்தறிச் சேலைகளையே விரும்பி உடுத்திய கமலாதேவியை, நெசவாளர்கள் கைத்தறித் தாய் என்னும் பொருள்தரும் பெயரால் அழைத்தனர்.

1964ஆம் ஆண்டு உலகக் கைவினைக் குழு தோன்றியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக அவர் திகழ்ந்தார். அதே ஆண்டில் அவர் முயற்சியால் உருவான இந்தியக் கைவினைக் குழு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அரசு வாரியங்கள் ஒருபுறம் இயங்க, அரசைச் சாராத மக்கள் அமைப்பும் கைவினைஞருக்குத் துணைநிற்க வேண்டும் என்பது இதன் நோக்கம். சிறந்த கைவினைக் கலைஞர்களுக்குத் தேசிய விருது வழங்கும் முறை 1965ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெயர் அறியப்படாமலே வாழ்ந்து மறைந்த மரபினர், தம் பெயர் அழைக்கப்பட்டுக் குடியரசின் விருதைப் பெறத் தொடங்கினர்.

வென்றதும் எஞ்சியதும்

கமலாதேவியின் பணி முழு வெற்றி பெற்றதா என்னும் வினா எழுவது இயல்பு. பாங்குரா குதிரைக்குச் சந்தை கிடைத்தது. குயவர் வீட்டில் அடுப்பெரிந்தது. அதே நேரத்தில், தெய்வத்திற்கென வனைந்த குதிரை வரவேற்பறையின் அலங்காரப் பொருளாயிற்று. பெட்டியில் அடங்கும் சிறிய குதிரைகள் பெருகின. வாங்குவோர் ஒரே வடிவத்தை நூற்றுக்கணக்கில் கேட்கும்போது, குயவரின் கற்பனைக்கு இடம் சுருங்கியது. சந்தை இல்லையெனில் கை ஓய்ந்துவிடும். சந்தையின் விருப்பமே சட்டமானால், கை இயங்கினாலும் கற்பனை ஓய்ந்துவிடும்.

இவ்விரண்டு இடர்களையும் கமலாதேவி அறிந்திருந்தார். கைவினைப் பொருளை மலிவான நினைவுப்பொருளாக மாற்றுவதை அவர் விரும்பவில்லை. எளிய மக்கள் தம் அன்றாட வாழ்வில் பயன்படுத்தும்வரைதான் ஒரு கலை உயிரோடிருக்கும் என்பதை மீண்டும் மீண்டும் எழுதினார். பழைய வடிவத்தை அப்படியே படியெடுக்க வேண்டும் என்றும் அவர் கூறவில்லை. மரபை நன்கு கற்ற கைவினைஞரே புதுவடிவத்தையும் படைக்க வல்லவர் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆயினும் இடைத்தரகரின் ஆதிக்கம் முற்றும் ஒழியவில்லை. களிமண்ணுக்கும் விறகுக்கும் அலையும் குயவரின் இன்னல் தீரவில்லை. அவர்தம் பிள்ளைகள் பலர் வேறு தொழில் நாடிச் சென்றனர். அவர் தொடங்கிவைத்த பணி இன்றும் முடிவுறாமலேயே இருக்கிறது.

சமூகத் தலைமைக்கான இரமோன் மகசேசே விருது 1966ஆம் ஆண்டு கமலாதேவிக்கு வழங்கப்பட்டது. இந்திய அரசு 1955ஆம் ஆண்டு பத்ம பூசண் விருதும், 1987ஆம் ஆண்டு பத்ம விபூசண் விருதும் அளித்துச் சிறப்பித்தது. முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று கைவினைஞரைக் காண்பதையும் நூல்கள் எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1986ஆம் ஆண்டு அவரது தன்வரலாறு வெளிவந்தது. 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மும்பையில் இயற்கை எய்தினார்.

அரண்மனையோ அணையோ அவர் பெயரைத் தாங்கி நிற்க வேண்டியதில்லை. பாஞ்ச்முராவில் ஒரு சூளை புகையும்போதும், செய்ப்பூரில் ஒரு கலத்தின்மேல் நீலப்பறவை ஒன்று தீட்டப்படும்போதும், வேளார் ஒருவர் ஊரார் அளித்த பிடிமண்ணைப் பெற்றுக்கொள்ளும்போதும் அவர் நம்பிக்கை மெய்யாகிறது. மண்குதிரை கரையக்கூடியதே. அதனை மீண்டும் வனையும் கை இருக்கும்வரை ஆற்றைக் கடப்பது அரிதன்று.

தெரிந்து தெளிவோம்

சுடுமண் உருவங்கள் பெரும்பாலும் உள்ளீடற்றனவாகவே செய்யப்படுகின்றன. முழுத்திரளான மண்ணின் உட்புறத்தில் ஈரம் தங்கிவிடும். சூளையின் வெப்பத்தில் அந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழியின்றி உருவத்தை வெடிக்கச் செய்யும். குதிரையின் உடலில் ஆங்காங்கே துளைகள் விடப்படுவதற்கும் இதுவே காரணம். அழகிற்காக அமைக்கப்பட்டது போலத் தோன்றும் பல கூறுகள், தொழிலறிவின் வெளிப்பாடுகளே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ வாழும் கைவினைக் கலைஞர் ஒருவரைக் கண்டு, அவர் தொழிலுக்குரிய கருவிகளின் பெயர்களையும் செய்முறைச் சொற்களையும் தொகுக்க.

2. கோவில் தூண், பட்டுச் சேலை, சுடுமண் உருவம் ஆகியவற்றில் ஒரே விலங்கு எவ்வெவ்வாறு மாற்றிப் படைக்கப்பட்டுள்ளது என்பதை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. கைவினைப் பொருளுக்குச் சந்தை பெருகுவது கலைஞரின் கற்பனையை வளர்க்குமா, குறைக்குமா என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.